எங்கட வளவுக்குள்ள ஓடுறதெல்லாம் என்னென்ன? உடும்பு, கபரக்கொய்யா, பாம்புராணி, ஓணான் பிரிச்சிச் சொல்லித்தாங்க

வாவிக்கரை வீடு (களுவாஞ்சிக்குடிப் பக்கம்)

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்து வாசிச்சிப் பதில் சொல்லுங்க.

எங்கட வீடு வாவிப் பக்கம். வளவுக்குப் பின்னால கண்ணாப் பத்தையும் சேறும்தான், முன்னுக்குத் தென்னையும் வாழையும். என்ட மகன் ஆறாம் ஆண்டு படிக்கிறான், ரெண்டு மாசமா ஒரு சீஆர் கொப்பி வெச்சி வளவுக்குள்ள ஊருறது ஓடுறது எல்லாத்தையும் கீறி, நாள் போட்டு, எத்தின மணிக்குக் கண்டன் எண்டும் எழுதிக்கிட்டு வாறான். போன கிழம கிணத்தடியில வாழைக்குக் கீழ ஒண்டு வந்திச்சி, பென்சில் மொத்தம்தான் இருக்கும், மேல் மினுமினுப்பா கோடு கோடா, வால் மட்டும் நல்ல ரத்தச் சிவப்பு, இவன் குந்தி இருந்து மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு இருக்கக்க பின்னால வந்த அவன்ட பெத்தா தும்புத்தடியால ஒரே அடி. "பாம்புராணி மனே, நக்கினாலே சாவு" எண்டு சொல்லி அவனத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. வால் தனியாக் கழண்டு கொஞ்ச நேரம் துள்ளிக்கிட்டுக் கிடந்திச்சி. மகன் அத வாழைக்குக் கீழயே தாட்டுட்டு அண்டைக்கு இரவு சாப்பிடவே இல்ல. கொப்பியில "பெயர் தெரியாது, இறந்து விட்டது" எண்டு எழுதி வெச்சிருக்கான். அத வாசிச்ச நேரத்துல இருந்து எனக்கும் மனசு சரியில்ல. பெத்தா பயத்துலதான் அடிச்சா, பேரனுக்கு ஏதும் ஆகிரக்கூடாதெண்டு. ஆனா அது என்ன சாமான் எண்டு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதால கேக்கிறன். அந்தச் சிவப்பு வால் என்னது, உண்மையா விஷமா?

ரெண்டாவது, வாவிப் பக்கம் பெரிய உருப்படி ஒண்டு வரும், கறுப்பு உடம்பு, மஞ்சள் புள்ளி, செத்த மீன இழுத்துக்கிட்டுப் போறத ரெண்டு தரம் கண்டிருக்கம். தென்னைக்குப் பக்கத்துல புத்தடியில இன்னொண்டு திரியிது, அது மண் நிறம். எங்கட பக்கத்துல ரெண்டையும் சிலர் உடும்பெண்டும் சிலர் கபரக்கொய்யா எண்டும் சொல்றாங்க, அதுல குட்டி ஒண்டு தண்ணிக்குள்ள பாஞ்சா முதலக்குட்டி எண்டு சத்தம் போடுறாங்க. வாவியில முதல இருக்கிறதால அந்தப் பயமும் சும்மா இல்ல.

பொறகு வீட்டுச் சுவர்ப் பல்லி. எல்லாம் ஒண்டுதான் எண்டு நான் நினைச்சன், மகன் மூணு வகை கீறி வெச்சிருக்கான். வேலியில ஓணான் ரெண்டு வகை, ஒண்டு தொண்டை சிவக்கிறது, மத்தது முழுப் பச்சை. பச்சைய என்ட தம்பி பச்சோந்தி எண்டு சொல்றான். சரியா?

தெரிஞ்சவங்க சொன்னா அவன்ட கொப்பியில எழுதக் குடுப்பன்.

படுவான்கரைப் பொடியன்

அக்கா, பெத்தா செஞ்சதுல பிழை இல்ல. அரணை கடிச்சா மரணம் எண்டு சும்மாவா சொல்லி வெச்சிருக்காங்க. எங்கட அப்புச்சி சொல்றவர், அரணைக்கு மறதி கூட, கடிக்க எண்டு ஓடி வரும், கிட்ட வந்த உடன எதுக்கு வந்த எண்டு மறந்து திரும்பிரும், அதாலதான் மனிசர் தப்பி இருக்கம் எண்டு. நான் சின்னனில இருந்து கண்டா விலகித்தான் போற. பிள்ளையக் கவனமா வெச்சிக்கங்க.

கல்முனை டீச்சர்

தங்கச்சி, முதல்ல மகனுக்குச் சொல்லுங்க அவன்ட கொப்பி நல்ல கொப்பி எண்டு. நேரம் எழுதுறான் பாருங்க, அது பெரிய விசயம், நான் விஞ்ஞானம் படிப்பிச்ச இத்தின வருசத்துல பிள்ளைகள்ட்ட அதச் சொல்லிச் சொல்லியே களைச்சிருக்கன்.

அந்தச் சிவப்பு வால் அரணைக் குடும்பம்தான், நம்மட பக்கம் பாம்புராணி எண்டு சொல்றதும் அந்தக் குடும்பத்தைத்தான். விஷம் இல்ல. ஒரு துளியும் இல்ல. நம்மட நாட்டு அரணை ஒண்டுக்கும் விஷப்பல்லோ விஷப்பையோ கிடையாது, பல்லு குருணி மாதிரி, பூச்சி நசிக்கத்தான் காணும். நீங்க சொல்ற மாதிரி மெல்லிசா, கால் கட்டையா, முதுகு நீளத்துக்குக் கோடும் புள்ளியுமா, வால் சிவப்பா இருந்தா அது ரியோபா பங்க்டாட்டா எண்ட இனத்துட குஞ்சு. சிவப்பு வால் குஞ்சுப் பருவத்துலதான், வளர வளர அந்தச் சிவப்பு மங்கிப் போயிரும். அந்த நிறம் எதுக்கெண்டா, காகமோ பூனையோ பாயக்க கண்ணு முதல்ல வாலுக்குத்தான் போகும், வாலக் கொத்தினா வால் கழண்டு துள்ளும், கொத்தினது துள்ளுற வாலப் பாத்துக்கிட்டு நிக்க உடம்பு ஓடித் தப்பிரும். பொறகு வால் திரும்ப முளைக்கும். மகன் கண்ட துள்ளல் அதுதான்.

படுவான்கரைத் தம்பிக்கு, அப்புச்சி சொன்ன மறதிக் கதையில அவர் கண்ணால கண்டது உண்மை, காரணம்தான் வேற. அரணை ஓடுற விதமே அப்பிடித்தான், ஒரு பாய்ச்சல் ஓடும், நிக்கும், நாக்க நீட்டி மணம் பிடிக்கும், வேற பக்கம் திரும்பும். இரை தேடுற வேல. மனிசரத் தேடி வாறதில்ல, நாம நிக்கிற இடத்துல பூச்சி இருந்தா அந்தப் பக்கம் வரும், அவ்வளவுதான். பெத்தாவ ஏசாதீங்க தங்கச்சி, அந்தக் காலத்துல புல்லுக்குள்ள மினுமினுத்து வளைஞ்சி ஓடுறத அரைக் கண்ணால கண்டா பாம்பு எண்டுதான் தோணும், பேரும் பாம்புராணி எண்டே வந்திட்டு. ஒரு நாளைக்கு அவவையும் கூட்டி வெச்சி தூர இருந்து காட்டுங்க, கண்ண மூடித் திறக்கிறதக் கண்டா அவவுக்கே விளங்கும். பாம்புக்குக் கண் இமை இல்ல, அரணைக்கு இருக்கு.

அரணை எண்டு பிடிக்கிறதுக்கு இன்னொரு அடையாளம், கழுத்து எங்க தொடங்குது தலை எங்க முடியிது எண்டு தெரியாது, எல்லாம் ஒரே மொத்தமா வழுவழுப்பா எண்ணெய் பூசின மாதிரி. உங்கட வளவுல இதவிடப் பெரிய, செம்பு நிறத்துல, பக்கவாட்டுல வெளிர் கோடு ஓடுற ஒண்டும் கட்டாயம் இருக்கும், பகல்ல மதில் மேல வெயில் காயும். அது யூட்ரோபிஸ் காரினாட்டா. அதுட செதிலக் கிட்டப் பாத்தா ஒவ்வொண்டுலயும் மெல்லிய வரம்பு வரம்பாக் கோடு எழும்பி நிக்கும். இன்னொண்டும் இருக்கு, நெஸ்ஸியா எண்டு ஒரு பேரினம், இலங்கையில மட்டும்தான், உலகத்துல வேற எங்கயும் இல்ல, மண்ணுக்குள்ள வாழுறதால கால் குறுகிக் குறுகி சில இனத்துல காலே இல்லாமப் போயிட்டு, அதக் கண்டா மண்வெட்டியால வெட்டிப் போடுவாங்க பாம்புக்குட்டி எண்டு.

இப்ப பெரிய ரெண்டுக்கும் வாறன். நிறத்தப் பாக்காதீங்க, மூக்கப் பாருங்க. கபரக்கொய்யாக்கு மூக்கு ஓட்டை வாய் நுனிக்குக் கிட்ட இருக்கும், வட்டமா, இல்லாட்டி கொஞ்சம் நீள்வட்டமா. உடும்புக்கு மூக்கு ஓட்டை பின்னுக்குத் தள்ளி கண்ணுக்கும் நுனிக்கும் இடையில, பிளேடால கீறின மாதிரிச் சரிவா இருக்கும். தண்ணிக்குள்ள திரியிறதுக்கு நுனியில மூக்கு இருந்தா வசதி, உடம்ப அமிழ்த்திப்போட்டு நுனிய மட்டும் வெளிய வெச்சிருக்கலாம் எண்டு ஞாபகம் வெச்சிக்கிட்டா மறக்காது. நிறத்த ஏன் நம்பக்கூடாதெண்டா குஞ்சில ரெண்டுக்கும் மஞ்சள் புள்ளி இருக்கும், கிழட்டுக் கபரக்கொய்யா சேறு பூசி மங்கிப் போய் உடும்பு நிறத்துக்கு வந்திரும். வாலும் பாருங்க, கபரக்கொய்யாட வால் பக்கவாட்டுல நல்லாத் தட்டையா, மேல் விளிம்பு ரம்பம் மாதிரி எழும்பி இருக்கும், அதுதான் அதுக்குத் துடுப்பு. உடும்பு வாலும் தட்டைதான், அந்தளவுக்கு இல்ல. ஆறேழு அடிக்கு வளருறது கபரக்கொய்யாதான்.

முதலக்குட்டிப் பயத்துக்கு ஒரே பதில் நாக்கு. உடும்பும் கபரக்கொய்யாவும் நிமிசத்துக்கு நிமிசம் நாக்க நீட்டும், நுனி ரெண்டாப் பிளந்து பாம்பு நாக்கு மாதிரி. முதலைக்கு நாக்கு கீழ்த்தாடையோட ஒட்டிக்கிடக்கு, வெளிய நீட்டவே ஏலாது. முதலைக்குக் கழுத்து கட்டை, முதுகுல கட்டி கட்டியா எலும்புத் தகடு வரிசை. இன்னொரு விசயம், முதலை பல்லிக் கூட்டமே இல்ல, உறவு முறையில அது பறவைகளுக்குத்தான் கிட்ட. பிள்ளைகளுக்கு இதச் சொன்னா நம்ப மாட்டாங்க, ஆனா அதுதான் உண்மை.

இந்த ரெண்டையும் நம்மட நாட்டு ஆக்கள் எப்பவோ பிரிச்சித்தான் வெச்சிருக்காங்க. திருகோணமலைக்குத் தெற்கால கொட்டியாரத்துல 1660ல பிடிபட்டு கண்டி ராசாட்டக் கைதியா இருந்த இங்கிலீசுக்காரர் ராபர்ட் நொக்ஸ், 1681ல அச்சடிச்ச புத்தகத்துல கபரக்கொய்யா, தலகொய்யா எண்டு ரெண்டு பேரையும் தனித்தனியா எழுதி இருக்கார். கபரக்கொய்யாட நாக்கு நீலம், ரெண்டாப் பிளந்தது, செத்த மிருகத்தத் தின்னும், நாய் கிட்ட வந்தா வாலால அடிச்சித் துரத்தும், தலகொய்யாவத்தான் ஆக்கள் தின்பாங்க எண்டு. தலகொய்யா எண்டது சிங்களத்துல நம்மட உடும்பு. 300 வருசத்துக்கு மேலாகிட்டு, இப்ப நாமதான் ரெண்டையும் ஒண்டாக்கிப் பேசுறம்.

வயல்காரன் (அக்கரைப்பற்று)

டீச்சர் சொன்ன மூக்குக் கத நூத்துக்கு நூறு சரி. நான் வயல்ல வளர்ந்தவன், ஆனா எங்கட மூத்தாப்பா எனக்குக் காட்டித் தந்தது வேற அடையாளம், ஓடுற திசை. வரம்புல திடீரெண்டு ஆளக் கண்டா கபரக்கொய்யா தண்ணியப் பாத்து ஓடும், உடும்பு மரத்தப் பாத்து இல்லாட்டி புத்தப் பாத்து ஓடும். பொந்துக்குள்ள பூந்தா உடும்ப இழுத்து எடுக்க ஏலாது, உடம்ப ஊதிப் பெருப்பிச்சி நகத்தால மண்ணக் கவ்விப் பிடிச்சிரும், உடும்புப்பிடி எண்டு சொல்றது அதைத்தான். கபரக்கொய்யாவ மூலையில மடக்கினா ஓடாது, கழுத்த ஊதி சீறும், பொறகு வாலச் சுழட்டும், அந்த அடி காலுல பட்டா ரெண்டு நாளைக்கு வீங்கி இருக்கும், எனக்குப் பட்டிருக்கி. கடிச்சா உடன ஆஸ்பத்திரிக்குப் போகணும், அழுகினதத் தின்னுற வாய், காயம் பழுத்திரும்.

ஒண்டு மனசுல இருந்ததச் சொல்றன். நான் சின்னப் பொடியனா இருக்கக்க பெரியாக்கள் நாய் கொண்டு உடும்பு பிடிக்கப் போவாங்க, நானும் பின்னால சாக்கத் தூக்கிட்டுப் போவன். பிடிச்ச உடும்புட வாலையே வளைச்சிக் கழுத்தோட கட்டிச் சந்தியில கொண்டு போய்க் குடுப்பாங்க. அது உசிரோட கண்ண மூடி மூடித் திறக்கிறது இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கி. அந்த நேரம் எங்கட வயல் கண்டத்துல வரம்புக்கு ஒண்டு இருந்திச்சி, இப்ப ஒரு போகத்துக்கு ஒண்டக் கண்டாலே பெரிசு. உடும்பு குறைஞ்ச பொறகுதான் எங்களுக்கு விளங்கினது அது வயல்ல செஞ்ச வேல என்ன எண்டு, வரம்ப ஓட்ட போடுற நண்டத் தின்னும், நத்தையத் தின்னும், எலிக்குஞ்சு, பாம்பு முட்டை எல்லாம் தின்னும். முதல முட்டையக் கிண்டித் தின்னுறதும் இந்த ரெண்டும்தான், அதால வாவிக்கரையில இருக்கிறாக்கள் கபரக்கொய்யாவ விட்டு வெக்கிறது அவங்களுக்கே நல்லது. ரெண்டும் சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, 1937ம் ஆண்டு வனசீவராசிச் சட்டத்துக்குக் கீழ, பிடிச்சாலும் வித்தாலும் குற்றம். தங்கச்சி, உங்கட வளவுப் புத்தடியில திரியிறது உடும்பா இருந்தா ஆருக்கும் இடத்தச் சொல்லாதீங்க. போட்டோ போட்டாலும் ஊர்ப் பேரப் போடாதீங்க.

வாவிக்கரை வீடு

டீச்சர், வயல்காரக் காக்கா, ரெண்டு பேருக்கும் எப்பிடி நன்றி சொல்றதெண்டு தெரியல்ல. காக்கா எழுதினத வாசிச்சிட்டு மேல போட்டதுல இருந்து ஒழுங்கைப் பேர எடுத்துட்டன்.

இண்டைக்குக் காலையில மகனும் நானும் பின்பக்கத்துக் கதவத் திறந்து வெச்சிக்கிட்டு ஒரு மணித்தியாலம் இருந்தம். அவன்ட மாமாட பைனாகுலர் ஒண்டு வீட்டுல கிடந்திச்சி. வாவிப்பக்கத்தான் ஒம்பதரைக்கு வந்தான், மூக்கு ஓட்டை நுனியில, மகன் கத்தின கத்தல்ல அவன் தண்ணிக்குள்ள இறங்கிட்டான். வாலக் கண்டம், ஓங்கா, ரம்பம் மாதிரித்தான். புத்தடிக்காரன் வெளிய வரல்ல. பெத்தாவையும் கூட்டி வெச்சிருந்தம், அவ ஒண்டும் கதைக்கல்ல, கொஞ்ச நேரம் பாத்துட்டு "இதுக்கு இவ்வளவு நீள நாக்கா" எண்டு மட்டும் கேட்டா.

பல்லிக்கும் ஓணானுக்கும் ஆராச்சும் சொல்லுங்க. மகன் எழுதினத அப்பிடியே தாறன். "பல்லி ஒண்டு: டியூப் லைட்டுக்குப் பக்கத்துல, சத்தம் போடும், வால்ல முள்ளு மாதிரி. பல்லி ரெண்டு: குசினியில விறகுக்குள்ள, நிலத்துல ஓடும், முதுகு சொரசொர, கறுப்புப் புள்ளி. பல்லி மூணு: அலுமாரிக்குப் பின்னால, தடிப்பு, வெள்ளை ரோசா நிறம், பிடிக்கப் போனன் தோல் கையில வந்துட்டு, பாவம்."

உகந்தைப் பாதை (பொத்துவில்)

மூணையும் மகன் சரியாத்தான் பிரிச்சிருக்கான், நான் பேர மட்டும் வெச்சி விடுறன்.

முதலாவது ஹெமிடாக்டிலஸ் ஃப்ரெனாட்டஸ், நாம பல்லி சொல்லுது எண்டு நிலத்துல தட்டுறமே அந்தச் சத்தக்காரன், வாலச் சுத்தி வளையம் வளையமாக் கூரான செதில் இருக்கும், அதத்தான் முள்ளு எண்டு எழுதி இருக்கான். கப்பல் சாமானோட போய் உலகத்துல பாதித் தீவுகள்ல குடியேறின பல்லி அது. ரெண்டாவது ஹெமிடாக்டிலஸ் பார்விமாகுலாட்டஸ், முதுகு நிறையக் குருணி குருணியா வரிசைக்கு நிக்கும், அதால சொரசொரப்பு, கறுப்புப் புள்ளி, சுவர் உச்சியவிட அடிச்சுவர், விறகு, கல்லுக் குவியல்லதான் கூட இருக்கும். மூணாவது கெஹைரா மியூட்டிலாட்டா, தோல் கழண்டு வாறதுதான் அதுட பெரிய அடையாளம், பிடிச்ச எதிரிட வாயில தோல விட்டுட்டு ஓடிரும், பொறகு தோல் வளரும், அதால மகன் கவலப்படத் தேவல்ல, ஆனா இனிப் பிடிக்க வேணாம். நிச்சயப்படுத்த வேணுமெண்டா கண்ணாடியில ஒட்டி நிக்கக்க மத்தப் பக்கத்தால பாக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு கால்லயும் உள்விரல் ஒண்டுக்கு நகம் இருக்காது. அதே நேரத்துல விரலுக்குக் கீழ இருக்கிற வரி வரியான மடிப்பையும் பாக்கட்டும், பசையும் இல்ல உறிஞ்சிப் பிடிக்கிறதும் இல்ல, அந்த மடிப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர், அதுதான் சுவரோட ஒட்டுது. மாமரத்துப் பட்டையிலயும் பாருங்க, சாம்பல் நிறத்துல அலை அலையாக் கறுப்புக் கோடு போட்டுப் பட்டையோட பட்டையா ஒட்டிக்கிடந்தா அது நாலாவது, மரப்பல்லி, ஹெமிடாக்டிலஸ் லெஷனோல்டி, கை வெக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது.

பல்லி எண்டு முடிவெடுக்கிறதுக்கு கண்தான். இமை இல்ல, கண்ணாடி மாதிரி ஒரு மூடி, அத நாக்கால நக்கித் துடைக்கும், பகல் வெளிச்சத்துல கருமணி பூனைக்கு மாதிரிக் கோடா ஒடுங்கிரும். ஆனா ஒரு கூட்டம் விதிவிலக்கு, க்னிமாஸ்பிஸ், பகல் பல்லி, கருமணி வட்டம், விரல் மெல்லிசா முறிஞ்ச மாதிரி வளைஞ்சி இருக்கும், விரல்ல விரிஞ்ச மெத்தை கிடையாது. காட்டுப் பாறை, மரத்தண்டு, குகை வாசல் எண்டு இருக்கும். நாட்டுல இந்தக் கூட்டத்துல ஏகப்பட்ட இனம், எல்லாம் நமக்கு மட்டுமே உரியது.

உகந்தை முருகன் கோயில் மலைப்பாறைக்கு நீங்க போயிருப்பீங்க. அந்தப் பக்கம் பாறை இடுக்குகள்ல ஹெமிடாக்டிலஸ் ஹூனே எண்டு ஒரு பல்லி இருக்கு, இலங்கைப் பல்லிகள்லயே பெரிசு, 1937ல நம்மட நாட்டு விலங்கியல் அறிஞர் தெரணியகல பேர் வெச்சது, நம்மட அம்பாறை, மொனராகலைப் பக்கத்துப் பாறைகள்லதான் அதுட வாழ்க்கை. ஹூனா எண்டது சிங்களத்துல பல்லிதான். ஆடி உற்சவத்துக்குக் கதிர்காமப் பாதயாத்திரை போகக்க உகந்தையில இரவு தங்கி டோர்ச் அடிச்சிப் பாறைய மேலோட்டமாப் பாத்திருக்கன், கண்ணு மினுங்கினது, ஒரு சாணுக்குக் குறையாது, அண்டைக்கு முழுக்க எனக்கு நித்திர வரல்ல. அடுத்த நாள் குமண தாண்டி மணல்ல நடக்கக்க இன்னொண்டு, விசிறித் தொண்டைக்காரன், சித்தானா, தேனீ பறக்கிற மாதிரி ஓடும், ஆண் தொண்டைய விசிறி மாதிரி விரிச்சி விரிச்சி மடக்கும். பின்காலுல நாலு விரல்தான், மத்த ஓணானுக்கெல்லாம் அஞ்சு, அத எண்ணினாக் காணும். முந்தி இந்தியாவுல இருக்கிற அதே இனம் எண்டுதான் நினைச்சாங்க, 2015லதான் இலங்கையில இருக்கிறது ரெண்டு தனி இனம் எண்டு பிரிச்சாங்க.

இப்ப உங்கட வேலிக்கு. தொண்டை சிவக்கிறது சாதாரண ஓணான், கலோட்டிஸ் வெர்சிகலர். ரத்தம் உறிஞ்சிறதால சிவக்குது, பாத்தா நம்மட ரத்தத்தத் தூர இருந்தே உறிஞ்சும் எண்டு சொல்லி நாங்க தொப்புளப் பொத்திக்கிட்டு ஓடினம், ஈர்க்குச் சுருக்குப் போட்டுப் பிடிச்சம், கல்லெறிஞ்சம். உண்மையில அது ஆண் ஓணான் பொண்ணக் கூப்பிடுறதும் மத்த ஆண விரட்டுறதும். பச்சை நிறக்காரன் பச்சோந்தி இல்ல, அது கலோட்டிஸ் கலோட்டிஸ், பச்சை ஓணான், பச்சையில வெளிர் பட்டை குறுக்கால இருக்கும், ஆணுக்குத் தலை சிவக்கும், வால் உடம்பவிடப் பல மடங்கு நீளம். நிறம் மாறி இருந்தாலும் பிரிக்கிறதுக்குக் காதுக்கு மேல பாருங்க, சாதாரண ஓணானுக்கு தனித்தனியா ரெண்டு முள்ளு, பச்சை ஓணானுக்கு சீப்புப் பல்லு மாதிரி வரிசையா முள்ளு. காட்டுப்பக்கம் போனா மேலுதட்டுல வெள்ளைக் கோட்டோட இன்னொரு ஓணான், கலோட்டிஸ் சிலோனென்சிஸ், அதையும் காணலாம்.

பச்சோந்தி வேற சாமான், கண்டா ஒரு நாளும் மாறாது. கண்ணு ரெண்டும் கூம்பு மாதிரி வெளிய தள்ளி ஒண்டு முன்னுக்கும் மத்தது பின்னுக்கும் தனித்தனியாச் சுழலும், விரல்கள் ரெண்டும் மூணுமா ஒட்டிக் குறடு மாதிரிக் கொப்பக் கவ்வும், வால் சுருளும், நடக்கிறது ஆடி ஆடி, நாக்கு உடம்பு நீளத்துக்குப் பாயும். இலங்கையில ஒரே இனம்தான், புத்தளம், வில்பத்து, மன்னார்ப் பக்கத்து வரண்ட காட்டுல இருக்கு. நம்மட வேலியில இல்ல. உங்கட தம்பி மட்டும் இல்ல, நிறம் மாறுறதால பாதி நாடு ஓணானத்தான் பச்சோந்தி எண்டு சொல்லுது.

படுவான்கரைப் பொடியன்

எல்லாம் சரி, கபரக்கொய்யா எங்கட கோழிக்குஞ்சு பன்னிரண்டத் தின்னுட்டு, அதுக்கு என்ன சொல்றீங்க? மூக்கப் பாத்துக்கிட்டு நிக்கவா?

வயல்காரன் (அக்கரைப்பற்று)

தம்பி, உங்கட நட்டம் நட்டம்தான், அத இல்லை எண்டு சொல்லல்ல. எங்களுக்கும் போயிருக்கி. கூட்ட நிலத்துல இருந்து ரெண்டடி உசத்துங்க, கீழ் ரெண்டடிக்குச் சின்னக் கண்ணு வலை அடிங்க, குஞ்சு பொரிச்ச முதல் மாசம் அடைச்சே வெச்சிருங்க. முக்கியமா மீன் குடல், கோழிச் செட்டை எல்லாம் வளவுக்குள்ள எறியாதீங்க, தாட்டுப் போடுங்க. கபரக்கொய்யா முதல்ல அந்த மணத்துக்குத்தான் வாறது, கோழிக் கூட்டப் பொறகுதான் காணுறது. நான் அந்தக் குடல் எறியிறத நிப்பாட்டின பொறகு மூணு வருசமா ஒரு குஞ்சும் போகல்ல.

படுவான்கரைப் பொடியன்

நாங்க வலைக் கூடெல்லாம் அடிக்கல்ல. மீன் குடல் உண்மைதான், அம்மா கிணத்துக்குப் பின்னால எறியிறவ. தாட்டுப் பாக்கிறன். அரணைக் கதைய நம்புறதுக்கு எனக்குக் கொஞ்சம் நாள் எடுக்கும் டீச்சர், சின்னனில இருந்து ஊறினது.

கல்முனை டீச்சர்

எடுக்கட்டும் தம்பி. அடிக்காம இருந்தீங்க எண்டா அதுவே காணும்.

வாவிக்கரை வீடு

நாலு நாள் கழிச்சி வாறன். மழை பெஞ்சதால வெளிய போக ஏலாமப் போயிட்டு.

பல்லி மூண கண்ணாடி ஜன்னல்ல பிடிச்சம், பிடிச்சம் எண்டா பாத்தம். உள்விரல்ல நகம் இல்ல, நாலு கால்லயும் எண்ணினம். மாமரத்துல நாலாவது கிடைச்சிட்டு, மகன் இல்ல கண்டுபிடிச்சது, பெத்தா. துணி காயப்போடப் போனவ "இஞ்ச வாகா, பட்டை நடக்குது" எண்டு கூப்பிட்டா.

பச்சை ஓணான் பொண்ணொண்டு மழை விட்ட உடன வேலியடியில மண்ணத் தோண்டினது. முன்காலால கிண்டி, உடம்பத் திருப்பி வெச்சி முட்டை விட்டு, பொறகு மண்ணப் போட்டுத் தலையால குத்திக் குத்தி இறுக்கினது. ஒண்டேகால் மணித்தியாலம் எடுத்திச்சி. மகன் குடை பிடிச்சிக்கிட்டு நிண்டான், பதினொண்டு வரைக்கும் எண்ணினான், மிச்சம் மறைஞ்சிட்டு. அது போன பொறகு பெத்தா நாய் கிண்டாம இருக்க அந்த இடத்துக்கு மேல பழைய மீன் கூடை ஒண்டக் கவிட்டு, காத்துல போகாம ரெண்டு பக்கமும் கல்லு வெச்சா.

கொப்பியில பழைய பக்கத்த மகன் அழிக்கல்ல. "பெயர் தெரியாது" எண்டதுக்குப் பக்கத்துல ரியோபா பங்க்டாட்டா, குஞ்சு, விஷம் இல்ல எண்டு சின்ன எழுத்துல எழுதி இருக்கான். புத்தடிக்காரன இன்னும் காணல்ல, மூக்குக்கு ஒரு கட்டம் கீறி வெறுமையா விட்டு வெச்சிருக்கான்.

டீச்சர், ஒண்டே ஒண்டு. பச்சை ஓணான் முட்டை பொரிக்க எத்தின நாள் எடுக்கும்? கூடைய எப்ப எடுக்கிறதெண்டு பெத்தா கேக்கிறா.

உகந்தைப் பாதை (பொத்துவில்)

அக்கா, நாள எண்ணிக்கிட்டு நிக்காதீங்க, ரெண்டு மாசத்துக்கு மேலயும் போகலாம், மண்ணுட சூட்டையும் ஈரத்தையும் பொறுத்தது. முட்டையத் தோண்டிப் பாக்கவோ திருப்பவோ வேணாம், கோழி முட்டை மாதிரி இல்ல, திருப்பினா உள்ளுக்கு இருக்கிறது செத்துப் போகலாம். கூடை இருக்கட்டும், ஆனா ஒரு பக்கத்துக் கல்ல எடுத்துட்டு விரல் மொத்தத்துக்கு இடைவெளி விடுங்க, பொரிச்சி வாறதுகளுக்குப் போக வழி வேணும்.

வாவிக்கரை வீடு

இப்பவே எடுத்துட்டம். வேலிப் பக்கமாத்தான் இடைவெளி விட்டிருக்கம், பூனை இருக்கிற பக்கம் இல்ல.